மரியா மாண்டிசோரி அம்மையார்

நமது கல்விச் சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம் இளைஞர்கள் அறிய வேண்டிய ஒரு பெருமாட்டியின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்படுகின்றோம். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் துயரை அனுபவித்தவரும் அல்லர். எனினும், நம் குழந்தைகளைப் பற்றி நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்த ஒரு பொய்யைத் தகர்க்கும் சான்றினைத் தம் வாழ்நாள் உழைப்பால் தேடித் தந்தவர். சில குடியிற் பிறந்த குழந்தைகளுக்குப் படிப்பு ஏறாது என்பதே அப்பொய். வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்து அச்சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்முள் பலர் உளர்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்டு 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் ஊரிற் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வதை எவரும் விரும்பாத காலம் அது. எதிர்ப்புகளைத் தாங்கி, 1896இல் ரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலியில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்களுள் அவர் ஒருவர். 1898இல் மாரியோ என்னும் மகன் பிறந்தான். மணமாகாத தாயை ஏற்காத சமூகத்தில், அம்மகனைப் பிறரிடம் விட்டு வளர்க்க நேர்ந்தது. ஊரார் குழந்தைகளுக்காக உழைத்த அம்மையார் தம் குழந்தையைப் பல ஆண்டுகள் பிரிந்தே வாழ்ந்தார்.

மருத்துவராகப் பணியாற்றுகையில், அறிவு குன்றியவர் என்று ஒதுக்கப்பட்டு, விடுதிகளில் அடைத்து வைக்கப்பட்ட குழந்தைகளை அவர் கண்டார். தொட்டுப் பார்க்கவும் எடுத்து அடுக்கவும் ஒரு பொருள்கூட அக்குழந்தைகளுக்கு இல்லை. பிரெஞ்சு நாட்டு மருத்துவர்களான இட்டார், செகுவேன் ஆகியோர் முன்னரே வகுத்திருந்த வழிகளைக் கற்று, கைக்கும் கண்ணுக்கும் வேலை தரும் கருவிகளை அமைத்தார். அக்குழந்தைகளிற் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, மற்றக் குழந்தைகளுக்குரிய தேர்விலேயே தேறினர். உலகம் வியந்தது. அம்மையாரோ வேறொன்றை எண்ணி வருந்தினார். குறையுடைய குழந்தைகள் இவ்வளவு எட்ட முடியுமெனில், குறையற்ற குழந்தைகளைப் பள்ளிகள் எவ்வளவு தாழ்த்தி வைத்துள்ளன என்பதே அவருடைய கவலை.

1907 ஜனவரி 6ஆம் நாள் அவ்வினாவுக்கு விடை காணும் வாய்ப்புக் கிட்டியது. ரோமாபுரியில் சான் லொரென்சோ என்பது கூலித் தொழிலாளர் நெருங்கி வாழ்ந்த பகுதி. பெற்றோர் வேலைக்குச் சென்றபின், பள்ளி வயதை எட்டாத சிறுவர்கள் கேட்பாரற்றுத் திரிந்து சுவர்களைப் பாழ்படுத்தினர். கட்டடத்தின் உரிமையாளர்கள் சுவரைக் காக்க விரும்பினர். அம்மையார் குழந்தைகளைக் காக்க விரும்பினார். அங்கே ஏறத்தாழ 50 குழந்தைகளுடன் 'குழந்தைகள் இல்லம்' தொடங்கிற்று. உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவி, நான்கைந்து வயதுக் குழந்தைகள் ஒருநாள் தாமாகவே எழுதத் தொடங்கினர்.

இதிலிருந்து அம்மையார் கண்ட கொள்கையைச் சுருங்கக் கூறுவோம். குழந்தையின் மனம் பெரியவர் ஊற்றி நிரப்பும் வெறும் குடமன்று. பிறப்பு முதல் 6 வயது வரை, சூழலில் உள்ள யாவற்றையும் அது தானே உறிஞ்சிக்கொள்கிறது. தாய்மொழியை எவரும் பாடம் நடத்தாமலே குழந்தை கற்பது இவ்வாறே. 6 முதல் 12 வயது வரை காரணம் தேடும் மனம் வளர்கிறது. 12க்கு மேல், சமூகத்தில் தன் இடத்தை நாடும் பருவம் வருகிறது. ஒவ்வொரு திறனுக்கும் அது எளிதாக மலரும் காலம் ஒன்றுண்டு. கையின் வேலையே அறிவுக்கு வாயில். ஆகவே குழந்தைகளுக்குள் காணும் வேற்றுமையில் பெரும்பங்கு சூழலால் விளைவது. சூழலை மாற்றுவது நம் கையில் உள்ளது.

பின்வந்த அறிஞர்களும் இவ்வழியில் ஆராய்ந்தனர். சுவிட்சர்லாந்து நாட்டின் ழான் பியாஜே, அந்நாட்டு மாண்டிசோரிக் கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். குழந்தை செயலின் வழியே படிப்படியாகச் சிந்தனையைக் கட்டிக்கொள்கிறது என்றார். ரஷ்ய நாட்டு வைகாட்ஸ்கி, தனித்துச் செய்ய இயலாததைப் பெரியவர் துணையுடன் இன்று செய்யும் குழந்தை நாளை தானே செய்யும் என்று காட்டினார்.

அம்மையாரின் வாழ்வில் குறையே இல்லை என நாம் கூறோம். 1924 முதல் முசோலினி அரசின் ஆதரவை அவர் ஏற்றார். குழந்தைகளைப் படைக்கு ஆயத்தம் செய்ய அவ்வரசு விரும்பியபோது முரண்பாடு முற்றியது. 1934இல் உறவு முறிந்தது. அவர் தாய்நாட்டை விட்டு அகன்றார்.

1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று, மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அச்சபையை நிறுவியவருள் ஒருவரான ஆல்காட், அதே அடையாற்றில் 1894இல் நம் மக்களின் பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளி திறந்ததை இங்கு நினைவுகூர்தல் தகும். அம்மையார் ஓலைக் கொட்டகைகளில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மாரியோவைச் சிறைமுகாமில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. அவருடைய 70ஆம் பிறந்தநாளையொட்டி மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கோடைக்கானலில் தங்கிப் பணி தொடர்ந்து, 1946இல் ஐரோப்பா திரும்பினார். இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகளினின்று உருவான அவரது பெருநூல் 1949இல் அடையாற்றிலேயே வெளியாயிற்று. 1952 மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டில் மறைந்தார்.

இன்று மாண்டிசோரி என்னும் பெயரைப் பெரும்பாலும் மிகுந்த கட்டணம் கேட்கும் பள்ளிகளின் பலகைகளிற் காண்கிறோம். கூலித் தொழிலாளர் குடியிருப்பிற் பிறந்த கல்வி, செல்வர் வாயிலுக்குச் சென்றுவிட்டது. அதனை மீட்டுக் கொணர்தல் நம் கடமை.

சான் லொரென்சோவின் நிலை நமக்குப் புதிதன்று. திருப்பெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை ஆலைகளுக்கு நம் தாய்மாரும் தந்தையரும் விடியுமுன் பேருந்து ஏறுகின்றனர். சிறு குழந்தைகள் பாட்டியிடமோ, தெருவிலோ, அங்கன்வாடியிலோ பகற்பொழுதைக் கழிக்கின்றனர். நமது சங்கமோ இந்த 25 ஆண்டுகளில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களையே பெரிதும் நோக்கியது. கூரைக்கு ஓடு தேடிய நாம், அடித்தளத்தை மறந்தோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. எண்ணுதற்குப் புளியங்கொட்டை போதும். எழுத்துக்கு மணல் போதும். அன்று திண்ணைப் பள்ளியில் மணலில் விரல் வைத்து எழுதினர். அந்தத் திண்ணை நம் முன்னோருக்கு மறுக்கப்பட்டது. இன்று மணலும் உண்டு, திண்ணையும் நமதே. நம் இளைஞர்கள் நாள்தோறும் ஒரு மணிநேரம் நம் குடியிருப்பின் அங்கன்வாடிக்குத் துணைநிற்பாராக. அவ்வாறு செய்வோமாயின், நம் சங்கம் பொன்விழாக் காணும் நாளில், படிப்பு ஏறாது என்னும் சொல்லை நம் பிள்ளைகள் கேட்டறியாதவர்களாய் இருப்பர்.