மூதறிஞர் இராஜாஜியும் மொழிப் பிரச்சினையும்

மொழியைக் கருவி என்பர் சிலர். கொடி என்பர் சிலர். இரண்டும் உண்மையே என்பதைத் தம் ஒரே வாழ்நாளில், நேர் எதிரான இரு நிலைகளில் நின்று கண்டவர் மூதறிஞர் இராஜாஜி.

அந்நாளைய சேலம் ஜில்லாவில் ஓசூரை அடுத்த தொரப்பள்ளி என்னும் சிற்றூரில், கிராம முன்சீப் ஒருவரின் புதல்வராக 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் அவர் தோன்றினார். பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியிலும் சென்னையிலும் பயின்று, 1900-இல் சேலத்தில் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். ஆங்கிலக் கல்வி அவருக்குச் செல்வமும் செல்வாக்கும் ஈட்டித் தந்தது. எனினும் அவர் தாய்மொழியை மறந்தாரில்லை. விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்கச் சொற்கள் வேண்டுமென்று கருதி, 1916-இல் சேலத்தில் நண்பர்களுடன் கூடிக் கலைச்சொற்களுக்கென ஒரு கழகம் கண்டார்.

காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுத் தொழிலைத் துறந்தார், சிறை புகுந்தார், 1930-இல் வேதாரணியத்துக்கு உப்பு யாத்திரை நடத்தினார். 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானார்.

அடுத்த ஆண்டில் வந்தது சோதனை. 1938-இல் 125 பள்ளிகளில் ஹிந்துஸ்தானியைக் கட்டாய பாடமாக்கினார். பாரத மக்களை ஒன்றிணைக்கவும், இளைஞர் வடநாட்டில் வேலை பெறவும் பயன்படும் கருவியாகவே அவர் அதனை நோக்கினார். தமிழ் மக்களில் பெரும் பகுதியினரோ அதனைத் தம் மொழியின் மானத்துக்கு நேர்ந்த இழுக்காகக் கண்டனர். பெரியார் ஈ.வெ.ரா., மறைமலையடிகள், சோமசுந்தர பாரதியார் முதலியோர் எதிர்ப்பில் முன்னின்றனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசன், தாளமுத்து என்னும் இருவர் 1939-இல் காவலில் இருக்கையில் உயிர் நீத்தனர். இராஜாஜி இணங்கவில்லை. போர்ப் பிரச்சினையில் காங்கிரஸ் மந்திரிசபைகள் 1939 அக்டோபரில் பதவி விலகிய பின்னர், 1940 பிப்ரவரியில் கவர்னரின் ஆட்சியில் அந்த உத்தரவு நீக்கப்பட்டது. பயன் எவ்வளவு இருப்பினும், விரும்பாதார்மீது ஏற்றப்படும் மொழி சுமையாகிவிடும் என்பது அப்போராட்டம் புகட்டிய பாடம்.

சுதந்திர பாரதத்தின் கவர்னர் ஜெனரலாக 1948 முதல் 1950 வரை விளங்கிய அவர், முதுமையில் மறுமுனையில் நின்றார். மத்திய ஆட்சியில் ஆங்கிலத்தின் இடம் 1965-உடன் குறைந்து, ஹிந்தி ஒன்றே ஆட்சிமொழியாகும் என்ற நிலை நெருங்கிற்று. 1958 மார்ச்சில் கல்கத்தாவில் கூடிய மொழி மாநாட்டில் கலந்துகொண்டு, அம்மாற்றத்தை எதிர்த்து வாதாடினார். ஒரு பகுதியாரின் தாய்மொழியே ஆட்சிமொழியானால், உத்தியோகத்திலும் பரீட்சையிலும் பிறர் பின்தங்குவர். ஆங்கிலமோ எல்லோரும் சமமாக உழைத்துக் கற்க வேண்டிய மொழி. உலக அறிவுக்கு வாயில். இதுவே அவர் வாதத்தின் சாரம்.

நேற்று ஹிந்தியை நாட்டியவர் இன்று மறுப்பதா என்று பலரும் வினவினர். பள்ளியில் ஒரு மொழியைக் கற்பிப்பது வேறு, ஆட்சியில் அதனையே ஏகபோகமாக்குவது வேறு என்று அவர்க்காகப் பரிந்து பேசுவாரும் உண்டு. ஆயினும் 1938-இன் கட்டாயம் தவறென்று கருதுவோர்க்கு இவ்விளக்கம் முழு நிறைவு தராது. 1965-இல் தமிழகத்தில் பொங்கியெழுந்த மாணவர் கிளர்ச்சியில் பல உயிர்கள் பலியாயின. 1967-இல் திருத்தப்பட்ட சட்டம், ஹிந்தி பேசாத மாநிலங்கள் இசையும் வரை ஆங்கிலம் நீடிக்க வகை செய்தது. 1972 டிசம்பர் 25-இல் இராஜாஜி மறைந்தார்.

ஆங்கிலத்துக்காக இவ்வளவு வாதாடிய இவரே, இராமாயணத்தையும் பாரதத்தையும் எளிய தமிழில் வீடுதோறும் சேர்ப்பித்தார். 'சக்கரவர்த்தித் திருமகன்' 1958-இல் சாகித்திய அகாதெமியின் பரிசைப் பெற்றது. அவ்விரு காவியங்களையும் ஆங்கிலத்திலும் தந்து, தமிழறியாதார்க்கும் விருந்து படைத்தார்.

பிறமொழி வழங்கும் ஊரில் குடியேறி வாழும் நமக்கு இவ்வாழ்வில் ஒரு செய்தி உண்டு. அண்டை வீட்டாரின் மொழியை அன்பினால் கற்போம். ஆங்கிலத்தை நம் குழந்தைகள் ஐயமறக் கற்கட்டும். அது அவர்கள் செல்லும் வழிக்குத் துணை. ஆனால் பாட்டி எழுதும் கடிதத்தைப் படிக்க இயலாத பேரன் நம் இல்லங்களில் வளர வேண்டாம். அந்தப் பொறுப்பை எந்தச் சர்க்காரும் ஏற்காது. நாம்தாம் ஏற்க வேண்டும்.