பாடகரைத் தேடிச் சென்ற அறிஞர்

கிரேக்க மொழியின் மிகப் பழைய காப்பியங்கள் இரண்டு. ஒன்று இலியட்; மற்றொன்று ஒடிசி. டிராய் நகர முற்றுகையின் பத்தாம் ஆண்டில் நிகழ்ந்த சில வாரச் செய்திகளை இலியட் கூறுகிறது. அப்போருக்குச் சென்ற ஒடிசியஸ் என்னும் அரசன் பத்தாண்டுகள் அலைந்து வீடு திரும்பிய கதையை ஒடிசி கூறுகிறது. முன்னது ஏறத்தாழ 15,700 அடிகளையும், பின்னது ஏறத்தாழ 12,100 அடிகளையும் உடையது. இரண்டையும் இயற்றியவர் ஹோமர் என்பது மரபு. அவர் எவ்வூரினர், எக்காலத்தவர் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை.

இக்காப்பியங்களைப் படிப்போரை உறுத்தும் செய்தி ஒன்று உண்டு. சொன்ன சொல்லே திரும்பத் திரும்ப வருகிறது. அக்கிலிஸ் என்னும் வீரன் ஓடும்போது மட்டுமன்றி, உட்கார்ந்து அழும்போதும் விரைந்த கால்களை உடையவனாகவே குறிக்கப்படுகிறான். கரையில் இழுத்து நிறுத்தப்பட்ட கப்பலும் விரைவான கப்பலே. விருந்து படைத்தல், கவசம் அணிதல் போன்ற காட்சிகள் பெரிதும் சொல் மாறாமல் பல இடங்களில் வருகின்றன. கூறியது கூறலை நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாக நம் நன்னூல் எண்ணும். அப்படியானால் ஹோமர் குற்றம் செய்தவரா?

இவ்வினா பழையது. கி.மு. 3, 2ஆம் நூற்றாண்டுகளில் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நூலகத்தில் பணியாற்றிய அறிஞர்கள், ஐயத்திற்குரிய அடிகளின் ஓரத்தில் குறியிட்டு வைத்தனர். 1795இல் ஜெர்மானிய அறிஞர் வுல்ஃப், எழுத்து வழக்கிற்கு வருமுன் வாயால் பாடப்பட்ட பாட்டுகளே பின்னாளில் தொகுக்கப்பட்டன என்று எழுதினார். அதன்பின் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பாடியவர் ஒருவரா பலரா என்று வழக்காடுவதே அறிஞர்களின் வேலையாயிற்று. ஒரு சாரார் காப்பியங்களைத் துண்டு துண்டாக வெட்டினர். மறுசாரார் வெட்டியவற்றை ஒட்டினர். இரு சாராருள்ளும் பலர், எழுதுகோல் ஏந்திய புலவர் ஒருவரையே மனத்தில் கொண்டிருந்தனர்.

இவ்வழக்கின் போக்கை மாற்றியவர் மில்மன் பாரி. பறம்புமலையை ஆண்ட வள்ளல் பாரிக்கும் இவருக்கும் பெயர் ஒலியில் மட்டுமே ஒற்றுமை. எனினும், பாணர்கள் பாரியை நாடிச் சென்றதுபோல, இந்தப் பாரி பாடகர்களை நாடிச் சென்றார்.

மில்மன் பாரி 1902ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து ஓக்லண்டு நகரில் பிறந்தார். பெர்க்லி நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் கிரேக்கம் பயின்றார். அங்கே முதுகலை ஆய்வை எழுதியபோதே ஹோமரின் அடைமொழிகள் அவர் கருத்தைக் கவர்ந்தன. மேற்கொண்டு ஆராய மனைவியுடனும் கைக்குழந்தையுடனும் பாரிசு நகருக்குச் சென்றார். பிரெஞ்சு மொழியை நன்கு கற்று, அம்மொழியிலேயே ஆய்வேடுகளை எழுதி, 1928இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவர் கண்டது இதுதான். ஹோமரின் ஒவ்வோர் அடியும் ஆறு சீர்களால் ஆனது. அவையோர் முன் பாடுகின்றவன் அடுத்த சொல்லுக்காகத் தயங்கி நிற்க முடியாது. அடியில் எஞ்சிய இடத்தை அப்போதே நிரப்பியாக வேண்டும். நம் முன்னோர் தானியம் அளக்க ஆழாக்கு, உழக்கு, நாழி எனப் பல அளவுகளில் கலங்கள் வைத்திருந்தனர் அல்லவா? அதுபோல, ஒவ்வொரு வீரனின் பெயருக்கும் வெவ்வேறு நீளமுள்ள அடைமொழிகள் பாடகனின் நாவில் இருந்தன. சிறிய இடத்திற்குச் சிறியது. பெரிய இடத்திற்குப் பெரியது. மேலும், ஒரே அளவிற்கு ஒரே பெயருக்கு இரண்டு அடைமொழிகள் இருப்பது அரிது. இத்துணைச் சிக்கனமான ஏற்பாட்டை ஒரு தனி மனிதர் தம் வாழ்நாளில் அமைத்திருக்க இயலாது. பல தலைமுறைப் பாடகர்கள் சிறிது சிறிதாகச் சேர்த்த செல்வம் அது என்று பாரி நிறுவினார். விரைந்த கால் அக்கிலிசின் அந்த நேரத்து நிலையைச் சொல்ல வந்ததன்று. அடியை நிறைவு செய்ய வந்தது. இத்தகைய தொடர்களைத் தமிழ் ஆய்வாளர்கள் வாய்பாடு என்பர். கணக்குப் பாடத்தின் வாய்ப்பாட்டைப் போல இதுவும் நாவில் பழகி நிற்பதே.

இவ்வாய்வை மற்றொருவர் இதனோடு முடித்திருப்பார். பாரி முடிக்கவில்லை. எழுத்தின் துணையின்றி ஒருவர் பல்லாயிரம் அடிகளைப் பாட முடியுமா? முடியும் என்று நூல்களைக் கொண்டு வாதிடலாம். கண்ணால் காட்ட இயலாது. யுகோஸ்லாவியாவின் மலைநாட்டில் எழுத்தறியாத பாடகர்கள் வீரர் கதைகளை இன்றும் பாடுகின்றனர் என்பதை முர்கோ என்னும் அறிஞர் எழுதியிருந்தார். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியரான பாரி, 1933இல் அங்கே சென்றார். 1934இல் மீண்டும் சென்று ஓராண்டுக்கு மேல் தங்கினார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்டு உடன் சென்றார். அந்நாட்டைச் சேர்ந்த நிகோலா வுய்னோவிச் என்பவர் துணை நின்றார். நிகோலா எழுதவும் அறிந்தவர், பாடவும் அறிந்தவர்.

அப்பாடகர்கள் உழவர்களும் கைத்தொழில் செய்வோரும் ஆவர். குஸ்லே என்பது அவர்களுடைய கருவி. அதற்கு ஒரே நரம்பு. அதுவும் குதிரை மயிரால் ஆனது. அதனை வில்லால் இழைத்துக்கொண்டே பாடுவர். இசுலாமியப் பாடகர்கள் ரமலான் மாத இரவுகளில் காப்பிக் கடைகளில் கூட்டத்தின் நடுவே அமர்ந்து நெடுநேரம் பாடுவது வழக்கம்.

அந்நாளைய ஒலிப்பதிவுத் தட்டு சில நிமிடங்களில் நிறைந்துவிடும். பாடகரோ மணிக்கணக்கில் பாடுவார். ஆகவே இரண்டு சுழல்மேடைகளை உடைய பொறி ஒன்றைப் பாரி செய்வித்தார். ஒன்றில் தட்டு நிறைந்ததும் மற்றொன்று பதியத் தொடங்கும், பாட்டு அறுபடாது. இவ்வாறு 3,500க்கும் மேற்பட்ட அலுமினியத் தட்டுகள் நிறைந்தன.

1935ஆம் ஆண்டுக் கோடையில் பியெலோ போல்யே என்னும் ஊரில் அவ்தோ மெஜெதோவிச் என்னும் முதிய உழவரைப் பாரி கண்டார். அவ்தோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நிகோலா நாள்தோறும் எழுதினார். திருமணக் கதை ஒன்று 12,000 அடிகளைக் கடந்து முடிந்தது. ஒடிசியின் அளவுக்கு நிகரான பாட்டு ஓர் உழவரின் நெஞ்சிலிருந்து வந்தது!

பாரி மேலும் ஒரு சோதனை செய்தார். அவ்தோ கேட்டிராத கதை ஒன்றை வேறொரு பாடகரைப் பாடச் செய்தார். அது ஏறத்தாழ 2,300 அடிகள். அருகிலிருந்து கேட்ட அவ்தோவை, இப்போது இதனைப் பாட இயலுமா என வினவினார். அவ்தோ உடனே பாடினார். அவர் வாயில் அக்கதை ஏறத்தாழ 6,300 அடிகளாக வளர்ந்தது. அணிகலன்கள் மிகுந்தன, மாந்தரின் மனநிலை விரிந்தது. அவ்தோ மனப்பாடம் செய்யவில்லை, பாடும்போதே படைத்தார். பழகிய தொடர்களும் பழகிய காட்சிகளும் அவருக்குச் செங்கல்லும் சுண்ணாம்புமாயின. கூறியது கூறல் இங்கே குற்றமன்று, தொழில் நுட்பம்.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் பாரி அமெரிக்கா திரும்பினார். தாம் கண்டவற்றை நூலாக்கும் முயற்சியில் சில பக்கங்களே எழுதியிருந்தார். 1935 டிசம்பர் 3ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் நகர விடுதி ஒன்றில், பயணப் பொருள்களுக்கிடையே இருந்த துப்பாக்கி வெடித்து உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 33.

ஆசிரியர் தொடங்கிய பணியை மாணவர் கைவிடவில்லை. உலகப் போர் முடிந்தபின் லார்டு மீண்டும் அம்மலைநாட்டிற்குச் சென்று, முதுமை எய்தியிருந்த அவ்தோவின் பாட்டை மறுபடியும் பதிவு செய்தார். பாரி தம் நூலுக்கு எண்ணியிருந்த தலைப்பையே இட்டு 1960இல் ஒரு நூலை வெளியிட்டார். பாரியின் மகன் ஆதம் தந்தையின் கட்டுரைகளைத் தொகுத்து 1971இல் வெளியிட்டார். ஹோமர் யார் என்ற வினாவுக்கு இவற்றில் விடை இல்லை. எவ்வாறு பாடினார் என்ற வினாவே முன்னிற்கிறது.

அவ்வினா தமிழுக்கும் வந்தது. கோலாலம்பூரில் பிறந்து யாழ்ப்பாணத்தில் கல்வி கற்ற க. கைலாசபதி, இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தார். சங்கப் பாட்டுகளிலும் ஒரே வகையான தொடர்களும் காட்சிகளும் மீண்டும் மீண்டும் வருவதை எடுத்துக்காட்டி, அவை பாணர்களின் வாய்மொழி மரபில் எழுந்தவை என்று வாதிட்டார். அவருடைய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது. அறிஞர் அனைவரும் அதனை ஏற்றுக்கொள்ளவில்லை. சங்கப் புலவர்கள் எழுத்தறிந்தவர்கள், பாணர்களின் பாடும் முறையைத் தம் செய்யுளில் பின்பற்றியவர்கள் என்பது மறுப்போரின் கருத்து. பாரி இறந்தபோது கைலாசபதி இரண்டு வயதுக் குழந்தை.