புத்தளத்தில் கரையேறிய இப்னு பதூதா

வரலாற்றுப் பாடத்தில் பட்டுப் பாதை வந்தபோது, சீனாவிலிருந்து பாலைவனங்களூடாக மேற்கே செல்லும் ஒரு கோட்டை மட்டுமே நாம் படத்தில் கீறினோம். பட்டு கடல்வழியாகவும் போனது என்பதும், அவ்வழியே வந்த ஒருவர் 1344இல் எமது புத்தளத்தில் இறங்கினார் என்பதும் எம்மில் பலருக்குப் பாடசாலையை விட்டு நீங்கிய பின்னரே தெரியவந்தன. அவருடைய கதையை இம்மலரில் சொல்ல விரும்பினோம்.

இப்னு பதூதா 1304இல் மொறோக்கோவின் தான்ஜியர் நகரில், காழிமார் வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். 1325இல், இருபத்தொரு வயதில், ஹஜ்ஜுக்கென்று தனியே புறப்பட்டார். மக்காவோடு பயணம் நிற்கவில்லை. ஆண்டுகள் பல அலைந்து டில்லியை அடைந்து, சுல்தான் முஹம்மது பின் துக்ளக்கிடம் காழியானார்.

அங்கேதான் பட்டு அவர் வாழ்வில் நுழைகிறது. சீனப் பேரரசர் டில்லிக்கு 500 பட்டுத் துணிகளையும் கஸ்தூரியையும் அடிமைகளையும் அனுப்பியிருந்தார். பதில் வரிசைகளோடு சீனாவுக்குப் போகும் தூதராக இப்னு பதூதா நியமிக்கப்பட்டார். கள்ளிக்கோட்டையில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கியிருந்தபோது புயல் வந்து, வரிசைகளை ஏற்றிய கப்பல் உடைந்தது. அவருடைய உடைமைகள் இருந்த மற்றக் கப்பல் அவரை விட்டுவிட்டே போய்விட்டது. அதில் அவருடைய குழந்தையைச் சுமந்த ஓர் அடிமைப் பெண்ணும் இருந்தாள். அவள் இறந்த செய்தி பின்னர் அவருக்குக் கிடைத்தது. அவள் பெயர் நமக்குத் தெரியாது.

வெறுங்கையோடு டில்லி திரும்ப அஞ்சி மாலைதீவுக்குப் போனார். அங்கும் காழிப் பதவி, திருமணங்கள், பிணக்கு. அங்கிருந்து மாபார் கரைக்குப் புறப்பட்ட கப்பலைக் காற்று திசைமாற்ற, ஒன்பதாம் நாள் இலங்கை தெரிந்தது. மாலுமிகள் இறங்கத் தயங்கினார்கள். அக்கரையை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்தியின் கப்பல்களுக்குக் கடலில் அவ்வளவு பயம்.

மரச்சுவரும் மரக்கோபுரங்களும் சூழ்ந்த சிறிய அழகான ஊராகப் புத்தளத்தை அவர் வர்ணிக்கிறார். ஆறுகள் அடித்து வந்த கறுவா மரங்கள் கரையில் குவிந்து கிடந்தனவாம். இன்றைய வரண்ட கரையைப் பார்த்தால் நம்பக் கடினம்தான். மலையாளக் கரையாரும் மாபார்க்காரரும் கறுவாவை விலையின்றி ஏற்றிச் சென்று, பதிலுக்கு அரசனுக்குத் துணிகளைக் கொடுத்தார்கள். பாரசீகம் அறிந்த அந்த அரசன் தன் முத்துக்களைக் காட்டி, சிறந்தவற்றை விருந்தாளிக்குக் கொடுத்தான். வேண்டியதைக் கேள் என்றபோது அவர் கேட்டது பாவா ஆதம் மலைக்குப் போகும் வழியை மட்டுமே.

தமிழ் அரசன் ஒருவன் முஸ்லிம் பயணிக்குப் பல்லக்கும், நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும், பத்துத் துணைவர்களும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து, எல்லாச் சமயத்தாரும் வணங்கும் மலைக்கு அனுப்பினான். இடையில் எம் மாவட்டம் கண்ட கசப்புகளை அறிந்த நாம் இவ்விடத்தை இரண்டு தடவை வாசித்தோம். சிலாபம் வழியே போய் மலையேறி, தேவேந்திரமுனை, காலி, கொழும்பு என்று சுற்றி அவர் திரும்பும்வரை கப்பல் தலைவன் புத்தளத்தில் காத்திருந்தான்.

இலங்கை அரசன் தந்த மணிகளைப் பின்னர் மலபார்க் கடலில் கொள்ளையர் பறித்தார்கள். கால்சட்டை ஒன்றே மிஞ்சியது. மீண்டும் மாலைதீவுக்குப் போய், தான் பிரிந்த மனைவி பெற்ற மகனைப் பார்த்தார். தாயிடமே விட்டுவிட்டுச் சில நாளில் கிளம்பினார். இந்தப் பெருமகனைப் போற்றும் நூல்கள் இவ்விடத்தை விரைவாகக் கடந்துவிடுகின்றன. நாம் அப்படிக் கடக்க விரும்பவில்லை.

ஈற்றில் சீனாவின் ஸைத்தூன் துறையை அடைந்தார். அங்கே ஏழைகளும் பட்டு உடுத்தினார்கள். ஒரு பருத்தித் துணிக்குப் பல பட்டாடைகள் கிடைத்தன. எம் பக்கத்துப் பருத்திக்கு அங்கே இருந்த மதிப்பு அது!

வீடு திரும்பும் வழியில், 1348இல், டமாஸ்கஸில் கொள்ளைநோயைக் கண்டார். வைத்தியராகிய எம் கண்ணுக்கு அப்பக்கங்கள் வேறு விதமாகத் தெரிகின்றன. பட்டு சென்ற அதே பாதைகளில் நோயும் சென்றது. தந்தை இறந்து பல ஆண்டுகள் ஆயின என்பதை அங்கேதான் அறிந்தார். 1349இல் தாய்நாடு சேர்ந்தபோது, சில மாதங்களுக்கு முன் தாயையும் அந்நோய் கொண்டு போயிருந்தது. கடல் கடந்து வாழும் எம் சகோதரிகளில் எத்தனை பேர் அப்படி வந்து சேர்ந்திருப்பீர்கள்!

பின்னர் மாலி நாட்டுக்கும் போய்வந்தார். பெஸ் நகரில் சுல்தானின் ஆணைப்படி அவர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்பவர் எழுதி 1355இல் முடித்தார். கடைசிக் காலத்தில் சொந்த நாட்டில் ஓர் ஊரின் காழியாக இருந்து, 1368 அளவில் காலமானார்.