காலேஜ் பட்டம் இல்லை... கலர் கற்களுக்கு மரியாதை வாங்கிக்கொடுத்த ஜார்ஜ் குன்ஸ்!

ஆசையா வாங்கின உங்க கம்மல்ல மஞ்சள் சிட்ரினோ, பிங்க் கலர் கல்லோ இருக்கா? அப்படின்னா ஜார்ஜ் ஃபிரெடரிக் குன்ஸ் பத்தி நீங்க தெரிஞ்சுக்கணும். ஒரு காலத்துல பெரிய நகைக்கடைகளில் வைரம், மாணிக்கம், நீலம், மரகதம், முத்து இவற்றுக்குத்தான் மதிப்பு. மத்த கலர் கற்களைப் பெரிசா யாரும் கண்டுக்கலை. அதை மாற்றியவர்களில் முக்கியமானவர் இவர்.

1856-ல் நியூயார்க்கில் பிறந்தார் குன்ஸ். சின்ன வயசுல மியூசியத்தில் கற்களைப் பார்த்ததுல இருந்தே அது மேல ஒரு பைத்தியம். எங்கே பள்ளம் தோண்டினாலும் போய் நிற்பார், கல் பொறுக்குவார். இளைஞராவதற்குள் 4,000-க்கும் மேல் சேர்த்துவிட்டார். அந்தச் சேகரிப்பை மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு 400 டாலருக்கு விற்றார். கையில் பட்டம் கிடையாது. எல்லாமே தானாகப் படித்ததுதான்.

1876-ல் ஒரு பச்சை டூர்மலின் கல்லோடு டிஃபனி நகைக்கடை முதலாளியைப் போய்ப் பார்த்தார். வைரத்துக்குப் பேர்போன கடை அது. ஆனாலும் கல்லை வாங்கிக்கொண்டார்கள். 1879-ல் அங்கேயே வேலை!

அடுத்து வந்ததுதான் பெரிய சோதனை. 287.42 காரட் மஞ்சள் வைரம் ஒன்றைப் பட்டை தீட்டும் பொறுப்பு, 23 வயசு குன்ஸிடம் வந்தது. தப்பா வெட்டினா போச்சு! கடைசியில் மிஞ்சியது 128.54 காரட். பாதிக்கும் மேல் எடை போனது. ஆனால் ஜொலிப்பு கூடியது. டிஃபனி மஞ்சள் வைரம் என்று இன்றும் கொண்டாடப்படுவது அந்தக் கல்தான்.

இங்கே ஒரு சுவாரஸ்யம் பாருங்க. அந்த வைரத்துக்கு மஞ்சள் நிறம் கொடுத்தது நைட்ரஜன். உங்க சிட்ரின் கதையே வேற. அது குவார்ட்ஸ் வகைக் கல். சுத்தமான குவார்ட்ஸுக்கு நிறமே கிடையாது. மிக நுண்ணிய அளவில் கலந்த வேறு தனிமங்களும், பூமிக்குள் இருக்கும் சூடும், இயற்கைக் கதிர்வீச்சும் சேர்ந்துதான் அதுக்கு நிறம் தருது. இயற்கை சிட்ரின் பெரும்பாலும் வெளிர் மஞ்சளாகத்தான் இருக்கும், கிடைப்பதும் அரிது. கடைகளில் பளிச்சுனு ஆரஞ்சா தெரியுறதுல பெரும்பாலானவை, ஊதா நிற அமெதிஸ்ட்டைச் சூடுபடுத்தி எடுத்தவை. அதிலிருக்கும் இரும்புதான் இந்த மாயத்தைச் செய்யுது.

குன்ஸ் சுரங்கம் சுரங்கமாக அலைந்தார். வட அமெரிக்காவின் ரத்தினக் கற்கள் பற்றி 1890-ல் புத்தகம் போட்டார். 1902-ல் கலிஃபோர்னியாவில் கிடைத்த இளஞ்சிவப்புக் கல்லுக்கு அவர் பெயராலேயே ‘குன்ஸைட்’ என்று பெயர் வைத்தார்கள். அந்த நிறத்துக்குக் காரணம் மாங்கனீஸ். 1910-ல் மடகாஸ்கரின் பிங்க் பெரில் கல்லுக்கு, கோடீஸ்வரர் ஜே.பி.மார்கனைக் கௌரவிக்கும் விதமாக ‘மார்கனைட்’ என்று பெயர் சூட்டியவர் குன்ஸ். ஒரு காரட் என்றால் 200 மில்லிகிராம் என்ற அளவுக்காகவும் வாதாடினார். 1913-ல் அமெரிக்கா அதை ஏற்றது.

காலேஜ் பட்டம் இல்லாத அவருக்கு ஜெர்மனியின் மார்பர்க் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1932-ல் மறையும் வரை டிஃபனியில்தான் இருந்தார்.

அடுத்த முறை கல் கம்மல் வாங்கும்போது, இது இயற்கை நிறமா, சூடுபடுத்தியதான்னு தைரியமா கேளுங்க. சூடுபடுத்தியதுன்னா போலி கிடையாது. ஆனா விலை பேசும்போது அது தெரிஞ்சிருக்கணும். குன்ஸைட் கம்மலா? கடும் வெயிலில் நிறம் மங்கும். சாயங்கால ஃபங்ஷனுக்குப் போடுங்க!