மத்தேயோ ரிச்சியும் சீனத்துப் பொழுதும்

இத்தாலியில் 1552-இற் பிறந்த மத்தேயோ ரிச்சிப் பாதிரியார் 1583-இற் சீனத்துட் புகுந்து, பௌத்த துறவிகளைப்போல முடிகளைந்து வாழ்ந்தனர். அத்துறவிகளை அந்நாட்டுக் கற்றோர் மதியாமை கண்டு, 1595-இற் கற்றோர்க்குரிய பட்டாடை பூண்டு தாடியும் வளர்த்தனர். தலைநகராகிய பீக்கிங்கில் நிலைபெற அவருக்குப் 18 ஆண்டுகள் சென்றன. அவர் ஆங்குக் கற்ற முதற்பாடம் காத்திருத்தலே என்பது எமது துணிபு.

நாம் நாளொன்றை 60 நாழிகையாக வகுத்தாற்போலச் சீனர் 12 பொழுதாக வகுத்தனர். ஒரு பொழுது நமக்கு 5 நாழிகையாம். ஐரோப்பியர்க்கோ நாளொன்றுக்கு 24 மணி. 1601-இல் வான்லிப் பேரரசனுக்கு ரிச்சியார் காணிக்கையாக்கிய, தானே மணியடிக்கும் மணிக்கூடுகளை அரண்மனையார் பெரிதும் வியந்தனர். ஆயின், அவற்றை இயக்கும் முறை அறியாராய் அவரையே அழைக்கலாயினர். நூல்களாற் பெறாத வாயிலை மணிக்கூடு திறந்தது! எனினும் அரசனை அவர் ஒருநாளும் நேரிற் கண்டிலர். 1610-இல் அவர் இறந்தபோது, அவ்வரசனே பீக்கிங்கில் அடக்கநிலம் அளித்தனன்.