வரக்கூடாத வீழ்படிவு!
(ஆச்சார்ய பி.சி. ராய் வாழ்க்கைக் குறிப்பு)

சால்ட் அனாலிசிஸ் என்றாலே நம்மில் பலருக்கு முகம் சுருங்கிவிடும். இதை ஊத்து, அதை வடிகட்டு, வெள்ளையா மஞ்சளா பாரு... இதில் என்ன பெரிய விஞ்ஞானம் இருக்கு என்று கேட்பவர்களுக்காகவே ஆச்சார்ய பிரஃபுல்ல சந்திர ராயின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன்.

1861 ஆகஸ்ட் 2-ல், இன்று வங்கதேசத்தில் இருக்கும் ராருலி கிராமத்தில் பிறந்தார். கில்கிறிஸ்ட் உதவித்தொகை கிடைத்து 1882-ல் கப்பலேறினார். எடின்பரோவில் 1887-ல் டி.எஸ்சி. பட்டம் பெற்றார். ஊர் திரும்பி, 1889-ல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தார். அதே 1889-ல்தான் ஜெர்மனியில் நெர்ன்ஸ்ட், கரைதிறன் பெருக்கம் என்ற கருத்தை வெளியிட்டார்.

அது என்னன்னு கேட்கிறீங்களா? கரையாத உப்பு என்று நாம் சொல்வதும் துளியளவு கரையத்தான் செய்யும். அதன் அயனிச் செறிவுகளைப் பெருக்கி வரும் எண், அந்த உப்புக்கென்று உள்ள எல்லையைத் தாண்டினால்தான் வீழ்படிவு இறங்கும். வெள்ளி குளோரைடுக்கு எல்லை 1.8 × 10⁻¹⁰. காரீய குளோரைடுக்குச் சுமார் 1.7 × 10⁻⁵. இதில் குளோரைடு செறிவை இரண்டு தடவை பெருக்க வேண்டும். ஒரே கரைசலில் லிட்டருக்கு 0.01 மோல் வெள்ளியும், அதே அளவு காரீயமும் இருக்கட்டும். குளோரைடு சேர்க்கச் சேர்க்க, அதன் செறிவு 1.8 × 10⁻⁸ மோல் ஆனதுமே வெள்ளி இறங்கத் தொடங்கும். காரீயமோ 0.04 மோல் வரைக்கும் அசையாது. அதற்குள் வெள்ளி அநேகமாக முழுவதும் அடியில் தங்கிவிடும். யார் முதலில், யார் பிறகு என்று சோதனைக் குழாயைத் தொடாமலே சொல்லிவிடலாம். நாம் மனப்பாடம் செய்யும் குரூப் அட்டவணையின் உயிரே இந்தக் கணக்குதான்.

மெண்டலீவின் தனிம அட்டவணையில் அன்று காலி இடங்கள் இருந்தன. அரிய இந்தியக் கனிமங்களைப் பகுத்துப் பார்த்தால் புதுத் தனிமம் ஏதாவது சிக்காதா என்று ராய் தேடினார். கனிமங்கள் பெற உதவியவர் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட். நம் பல்லாவரம் பக்கத்துப் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர் வைத்தவரும் இவரே. கல்பாக்கத்து அணு உலைகளுக்கு அடியில் இருப்பதும் அதே இனப் பாறைதான்!

தேடிய தனிமம் கிடைக்கவில்லை. ஆனால் வேறொன்று வந்து நின்றது. பாதரசத்தின் மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை விட்டு மெர்குரஸ் நைட்ரேட் தயாரித்தபோது, மஞ்சள் படிகங்கள் தோன்றின. கார வகை உப்பாக இருக்கும் என்றுதான் முதலில் எண்ணினார். ஆனால் மனசு ஒப்பவில்லை. அவ்வளவு அமிலம் உள்ள கரைசலில் கார உப்பு இறங்குவது அனுபவத்துக்கே முரண். நம் பாஷையில் சொன்னால், கார உப்பு இறங்க ஹைட்ராக்சைடு அயனி வேண்டும். கடும் அமிலத்தில் அதுக்கு எங்கே போவது? அப்படின்னா இது வேற என்னமோ! சோதித்தார். ஒரே பொருள் மெர்குரஸ் உப்பாகவும் இருந்தது, நைட்ரைட்டாகவும் இருந்தது. எளிதில் சிதையும் இரண்டு அயனிகள் சேர்ந்து நிலையான உப்பாகியிருந்தன. மெர்குரஸ் நைட்ரைட் என்ற அந்தப் புதுப் பொருளை 1896-ல் வங்காள ஆசியக் கழக இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது.

எது இறங்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான், இறங்கக்கூடாதது இறங்கும்போது கண்ணில் படும். ராயிடம் நான் கற்றுக்கொண்டது இதுதான்.

படித்த இளைஞர்கள் குமாஸ்தா வேலைக்கே அலைகிறார்களே என்ற வேதனையில் 1892-ல் பெங்கால் கெமிக்கல் தொழிற்சாலையைத் தொடங்கினார். ஆரம்ப நாட்களில் மாட்டெலும்பை மாடியில் காயப்போட, மழை பெய்து, அழுகி நாறி, காக்கைகள் கூடிவிட்டன. அக்கம்பக்கத்தார் சும்மா விடுவாங்களா? எலும்பை வேறிடத்துக்குக் கொண்டுபோய் எரித்துச் சாம்பலாக்கினார். அந்தச் சாம்பலில் கந்தக அமிலம் விட்டால் கால்சியம் சல்ஃபேட்டாக அடியில் தங்கும். பாஸ்பேட் கரைசலில் நிற்கும். அதில் சோடா சேர்த்தால் மருந்துக்கான சோடியம் பாஸ்பேட். லேப் பாடம் அப்படியே தொழிலாயிற்று! 1901-ல் அது கம்பெனியானது.

1916-ல் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரிக்கு மாறினார். திருமணம் செய்யவில்லை, கல்லூரியிலேயே ஓர் அறையில் வாழ்ந்தார். 60 வயதுக்குப் பின் சம்பளத்தைக் கல்லூரிக்கே கொடுத்துவிட்டார். 1944 ஜூன் 16-ல் மறைந்தார்.

நண்பர்களே, அணு உலையில் பயன்பட்ட எரிபொருளைக் கரைத்துப் பிரிக்கும் ஆலைகளில், கடைசிக் கட்டத்தில் புளூட்டோனியத்தை ஆக்சலேட் வீழ்படிவாகத்தான் இறக்குகிறார்கள். நாளைக்கு நம்மில் சிலர் அப்படி ஒரு லேபில் நிற்கலாம். குழாயின் அடியில் எதிர்பாராத நிறம் தெரிந்தால், கழுவி ஊற்றும் முன்பு கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்!