பூரணமும் பூசலும்: ஜான் வெஸ்லியின் வாழ்வு

1706ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 9ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய சீகன்பால்கும் புளுட்சோவும் தம் பணியைப் பற்றி ஐரோப்பாவுக்கு எழுதிய மடல்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு இலண்டனில் நூலாக வெளிவந்தன. அந்நூலின் படி ஒன்று இங்கிலாந்தின் எப்வொர்த் என்னும் சிற்றூரில், சாமுவேல் வெஸ்லி என்ற குருவானவரின் படிப்பறையில் இருந்தது. குருவானவர் இலண்டன் சென்றிருந்த நாளில் மகள் எமிலியா அதைக் கண்டெடுத்தாள். தாய் சுசன்னா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். தமிழர் நடுவே உழைத்த இருவரின் கதை அவரைப் பல நாள் உறங்கவிடவில்லை. கடல் கடந்து செல்லத் தம்மால் இயலாது. தம் வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்காவது அந்த ஆர்வத்தோடு உழைக்கலாமே என்று துணிந்தார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையைத் தனியே அமர்த்தி அதன் உள்ளத்து நிலையைப் பற்றிப் பேசுவதென்று முறை வகுத்துக்கொண்டார். வியாழக்கிழமை மாலை ஜானுக்குரியது. இச்செய்தியை 1712 பிப்ரவரியில் கணவருக்கு எழுதிய மடலில் அவரே பதிந்திருக்கிறார். மெதடிஸ்தச் சமயத்தின் தோற்றத்தை ஆராய்வோர் ஆக்ஸ்போர்டிலிருந்தே தொடங்குவர். தமிழ்க் கடற்கரையிலிருந்து தொடங்குவதும் பொருந்தும்.

ஜான் வெஸ்லி 1703 சூன் 17இல் பிறந்தவர். சுசன்னா ஈன்ற பத்தொன்பது மக்களுள் எஞ்சியோர் பதின்மரே. 1709 பிப்ரவரியில் குருமனை தீப்பற்றி எரிந்தபோது மேல்மாடியில் அகப்பட்டுக்கொண்ட ஐந்து வயதுச் சிறுவனை, ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறிச் சாளரத்தின் வழியே மீட்டனர். எரியிலிருந்து பறிக்கப்பட்ட கொள்ளி என்ற எண்ணம் அவரை வாழ்நாளெல்லாம் விடவில்லை. ஆக்ஸ்போர்டில் பயின்று, 1726இல் லிங்கன் கல்லூரியில் ஆய்வுநிலை ஆசிரியரானார். ஜெரமி டெய்லர், தாமஸ் கெம்பிஸ், வில்லியம் லா ஆகியோரின் நூல்களைக் கற்ற அந்த ஆண்டுகளிலேயே ஒரு கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. கடவுளை முழு உள்ளத்தோடு நேசிக்க வேண்டும் என்று வேதம் கட்டளையிடுகிறது. நிறைவேற்ற முடியாத ஒன்றைக் கடவுள் கட்டளையிடுவாரா? முடியும் என்றால், அது இம்மையிலா, மரணத் தறுவாயிலா, மறுமையிலா?

அறுபது ஆண்டுகள் அவரைப் பூசலில் நிறுத்திய கேள்வி இது. அதற்கு அவர் கண்ட விடையைக் கிறிஸ்தவ பூரணம் என்று அழைத்தார். அச்சொல் பலரை மயக்கியது. அறியாமை நீங்கிய நிலையையோ, பிழையே நேராத நிலையையோ, சோதனை அணுகாத நிலையையோ அவர் கருதவில்லை. உள்ளம் முழுவதையும் அன்பு நிறைத்து, பகைக்கும் செருக்குக்கும் அங்கே இடமில்லாமற் போவதே அவர் கண்ட பூரணம். அந்நிலையை எய்தியவனும் கணக்கில் தவறலாம், பிறரைத் தவறாக எடை போடலாம். ஆகவே அவனுக்கும் நாள்தோறும் மன்னிப்பு வேண்டும் என்றார். இவ்வளவு வரையறைகளுக்குப் பிறகும் பூரணம் என்ற சொல்லையே ஏன் பிடித்துக்கொண்டிருந்தார் என்று நண்பர்களே வினவினர். சொல் வேதத்தில் இருக்கிறது, அதை நீக்க எனக்கு உரிமையில்லை என்பதே அவர் நிலை. சொல்லாட்சிக்காகப் பகை தேடிக்கொள்வது புலவர்க்கு மட்டும் உரிய குணமன்று போலும்.

1735இல் தம்பி சார்லசோடு ஜார்ஜியாவுக்குக் கப்பலேறினார். புயலில் ஆங்கிலேயர் அலறியபோது ஜெர்மானிய மொராவியர் அமைதியாகப் பாடிக்கொண்டிருந்ததைக் கண்டு நாணினார். ஜார்ஜியாப் பணி தோல்வியில் முடிந்தது. 1738 மே 24ஆம் நாள் மாலை இலண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில்தான் அவருடைய நெஞ்சு இதமுற்றது. மறு ஆண்டு ஏப்ரலில், ஆக்ஸ்போர்டு நண்பரும் தம்மினும் பதினோராண்டு இளையவருமான ஜார்ஜ் ஒயிட்ஃபீல்டின் அழைப்பை ஏற்று, பிரிஸ்டலில் திறந்தவெளியில் பேசத் தொடங்கினார். சுரங்கத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் கூடினர்.

நட்பு அந்த மாதமே கீறல் கண்டது. இன்னார் மீட்படைவர், இன்னார் அழிவர் என்று கடவுள் முன்னரே குறித்துவிட்டார் என்பது ஒயிட்ஃபீல்டு ஏற்ற கால்வினியக் கொள்கை. வெஸ்லிக்கு அது அன்பே உருவான கடவுள்மீது சுமத்தப்பட்ட பழியாகத் தோன்றியது. சீட்டுக் குலுக்கிப் பார்த்து, விடை சாதகமாக வரவே, இலவசக் கிருபை பற்றிய பேருரையை நிகழ்த்தி அச்சிட்டும் விட்டார். அமெரிக்காவிலிருந்த ஒயிட்ஃபீல்டு, இம்மையில் பாவமற்ற பூரணம் உண்டென்பதையும் சேர்த்து மறுத்து எழுதினார். 1740 கிறிஸ்துமசுக்கு முந்திய நாளில் அவர் வரைந்த நெடுமடல் 1741இல் இலண்டனில் வெளியாயிற்று. வெஸ்லி சீட்டுக் குலுக்கிய மறைசெய்தியையும் அது ஊரறியச் செய்தது. பின்னாளில் அதற்காக அவர் வருந்தி மன்னிப்புக் கேட்டார்.

அதே 1741 பிப்ரவரி முதல் நாள் நடந்ததொன்று நினைக்கத்தக்கது. ஒயிட்ஃபீல்டு வெஸ்லிக்குத் தனிப்பட எழுதிய வேறொரு மடலை எவரோ அனுமதியின்றி அச்சடித்து, வெஸ்லியின் தொழுகைக்கூட வாயிலில் வழங்கினர். வெஸ்லி மேடையேறி, மடலின் கருத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. இது அச்சுக்கு எழுதப்பட்டதன்று. எழுதியவர் இங்கிருந்தால் என்ன செய்வாரோ அதைச் செய்கிறேன் என்று அறிவித்துத் தம் கையிலிருந்த படியைக் கிழித்தார். கூடியிருந்தோர் அனைவரும் கிழித்தனர். எதிர்வாதியின் மானத்தை எதிர்வாதி காத்த இந்த நிகழ்ச்சி, அவருடைய பேருரைகள் பலவற்றினும் பூரணத்துக்கு நல்ல விளக்கம்.

அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் மொராவியத் தலைவர் சின்சென்டார்ஃபு பிரபுவை இலண்டன் கிரேஸ் இன் தோட்டத்தில் சந்தித்தார். இருவரும் இலத்தீனில் உரையாடினர். நம் பூரணம் முழுவதும் கிறிஸ்துவிலேயே இருக்கிறது, நம்மில் எதுவுமில்லை. விசுவாசித்த கணத்திலேயே குழந்தையும் முதிர்ந்தவரும் ஒரேயளவு தூயவர் என்றார் பிரபு. அன்பு வளர்வதில்லையா என்று கேட்டார் வெஸ்லி. ஒரு கட்டத்தில், சொல்லைப் பற்றியே பொருதுகிறோம் என்று வெஸ்லிக்குத் தோன்றியும் இணக்கம் ஏற்படவில்லை. புயலில் தமக்கு அமைதி கற்பித்தவர்களை அவர் இவ்வாறு பிரிந்தார்.

இனிக் கொள்கைக்குள்ளிருந்தே வந்த துன்பம். இலண்டன் சபையில் ஜார்ஜ் பெல் என்ற படைவீரர் தாம் பூரணராகிவிட்டதாக முழங்கி, 1763 பிப்ரவரி 28ஆம் நாள் உலகம் முடியும் என்று நாள் குறித்தார். நகர் கலங்கியது. வெஸ்லி அவரை விலக்கினார். ஆனால் காலந்தாழ்த்தி விலக்கினார். அன்று மாலை, உலகம் முடியாது என்று மக்களுக்கு எடுத்துரைத்துவிட்டு வழக்கம்போல் உறங்கச் சென்றார். இப்பட்டறிவோடு 1766இல் கிறிஸ்தவ பூரணத்தைப் பற்றிய தம் தெளிவுரையை வெளியிட்டார். அடுத்த ஆண்டு செய்தித்தாளொன்றுக்கு எழுதுகையில், தாம் பூரணரல்லர் என்பதை வெளிப்படையாகவே சொன்னார்.

தம்பி சார்லஸ் இதில் ஒரு தனிக்கட்சி. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ஞானப்பாடல்களை இயற்றிய அக்கவிஞர், பூரணத்தை மிக உயரத்தில் வைத்தார். மரணத்தின் வாயிலுக்கு முன் அதை எய்துவோர் அரியர் என்றார். 1762இல் அவர் வெளியிட்ட சிறுபாடல் தொகுதியில் பூரணத்தைப் போற்றும் பாடல்களும், பூரணம் பெற்றதாகப் பறைசாற்றுவோரை எச்சரிக்கும் பாடல்களும் உண்டு. அண்ணன் தம் படியின் ஓரங்களில் மறுப்புகளைக் குறித்து வைத்தார். இவ்வேறுபாட்டுக்காக உடன்பிறப்பின் பாடல்களைப் பாடாமல் ஒருநாளும் விட்டதில்லை.

ஆயினும் வெஸ்லியின் வாழ்வில் மறைக்கலாகாத கறை ஒன்று உண்டு. அகஸ்டஸ் டாப்லேடி இளமையில் அயர்லாந்தில் மெதடிஸ்தப் பேச்சாளர் ஒருவரின் உரையால் மனம் திரும்பியவர். பின்னர் உறுதியான கால்வினியராகிக் குருத்துவம் பெற்றவர். முன்குறிப்பைப் பற்றி அவர் வெளியிட்ட நூலை 1770இல் வெஸ்லி சுருக்கி அச்சிட்டார். சுருக்கியதோடு நில்லாமல், அக்கொள்கையை எள்ளும் முடிவுரையொன்றைத் தாமே எழுதி, அதன்கீழ் டாப்லேடியின் பெயரெழுத்துகளை இட்டார். தாம் எழுதாததைத் தம் வாயில் திணித்த மோசடி என்று டாப்லேடி கொதித்ததில் வியப்பில்லை. வெஸ்லியோ அவரைப் புகைபோக்கி துடைப்பவரோடு ஒப்பிட்டு, அத்தகையோரோடு மல்லுக்கு நிற்பதில்லை என்று ஒதுங்கினார். அன்று அவருக்கு அகவை ஏறத்தாழ அறுபத்தேழு, எதிர்வாதிக்கு ஏறத்தாழ முப்பது. பிறருடைய அச்சிட்ட மடலைக் கிழித்துப் போட்ட கை இதைச் செய்தது. பூரணம் என்பது அன்பின் நிறைவே என்றால், அதற்கு முதற் சோதனை மாற்றானின் சொல்லை நேர்மையாக எடுத்துரைப்பதுதான். அச்சோதனையில் வெஸ்லி தவறினார்; அவர்மேல் பற்றுக்கொண்டு வாழ்க்கை வரலாறு எழுதுவோர் இவ்விடத்தை விரைந்து கடப்பது வழக்கம். டாப்லேடியும் சளைத்தவரல்லர், 1775இல் அவர் வெஸ்லிக்கு எதிராக எழுதிய நூலின் தலைப்பே, கிழ நரிக்குத் தார் பூசி இறகு ஒட்டியதாகப் பெருமை பேசுவது.

அதே 1770இன் இறுதியில் ஒயிட்ஃபீல்டு அமெரிக்காவில் மறைந்த செய்தி வந்தது. பிணக்குத் தீர்ந்து பல்லாண்டாகியிருந்தது. தமக்கு இரங்கலுரை வெஸ்லியே ஆற்ற வேண்டுமென்பது அவர் விருப்பம். நவம்பர் 18ஆம் நாள் நண்பரின் சொந்தக் கூடங்களிலேயே வெஸ்லி பேசினார். இருவரும் வேறுபட்ட கொள்கைகளைத் தொடாமல், ஒன்றுபட்டவற்றையே பேசினார். கால்வினியர் அதையும் குறையாகக் கொண்டனர்.

தொடர்ந்த ஆண்டுகளில் வெஸ்லிக்காக வாதாடியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து மேடலியில் குருவாயிருந்த ஜான் ஃபிளெட்சர். எதிர்ப்பக்கத்தின் கருத்தை அவர்களே ஒப்புமாறு எடுத்துச் சொல்லிவிட்டு மறுப்பதில் முனைந்தவர். நோயுற்ற நாளில், தம்மோடு பொருத ஜான் பெரிட்ஜைத் தேடிச் சென்று இருவரும் கண்ணீரோடு தழுவிக்கொண்டனர் என்பர். பூரணத்தைப் போதித்தவர் வெஸ்லி; அதற்குச் சான்றாக அவரே சுட்டியது ஃபிளெட்சரை.

1776 மார்ச்சில் டாப்லேடி ஓர் இதழில் விந்தையான கணக்கொன்று போட்டார். நொடிக்கு ஒரு பாவம் என்று வைத்தால், எண்பது வயதில் மனிதனின் கடன் 252 கோடியே 28 லட்சத்து 80 ஆயிரம். அதை எந்தப் பூரணர் அடைக்க முடியும்? கணக்கின் முடிவில் ஒரு பாடலை வைத்து, உலகிலேயே மிகத் தூய விசுவாசிக்கும் உரிய மன்றாட்டு என்ற பொருளில் தலைப்பிட்டார். குறி வெஸ்லிதான். தஞ்சம் தரும் பிளந்த பாறையைப் பற்றிய அப்பாடல் இன்று தமிழ் உட்பட எத்தனையோ மொழிகளில் பாடப்படுகிறது. வெஸ்லியைப் பின்பற்றுவோரும் பாடுகின்றனர். இரண்டே ஆண்டுகளில், முப்பத்தேழு வயதில், அதன் ஆசிரியர் என்புருக்கி நோயால் இறந்தார்.

சார்லஸ் 1788 மார்ச் 29இல் காலமானார். இரு வாரங்கள் கழித்து போல்டன் ஊரில், யாக்கோபு இரவெல்லாம் மற்போரிட்ட நிகழ்ச்சி பற்றிய தம்பியின் பாடலைப் படித்துக் கொடுத்த முதியவர், துணைவர் முன்சென்றுவிட்டதைச் சொல்லும் இடத்தில் குரல் உடைந்து மேடையிலேயே அழுதார். 1791 மார்ச் 2இல், எண்பத்தேழாம் வயதில், அவரும் மறைந்தார்.

அவர் வழிவந்தோர் 1814இல் இலங்கை வந்தனர். ஜேம்ஸ் லிஞ்ச் 1817இல் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னை சேர்ந்தார். யாழ்ப்பாணத்து வெஸ்லியப் பள்ளியில் பீட்டர் பெர்சிவலிடம் பயின்று, அவருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், அவர்களின் பிரசங்க முறையையே கைக்கொண்டு 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் அதே நாவலரும், திருவொற்றியூர்த் தியாகேசரைப் பாடிய வள்ளலாரும் எதிரெதிர் நின்ற அருட்பா மருட்பாப் பூசல் நீதிமன்றம் வரை சென்றதைத் தமிழுலகம் அறியும். வெஸ்லியும் டாப்லேடியும் தமிழர்க்கு அயலாரல்லர்.

சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் 1947 செப்டம்பர் 27ஆம் நாள் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, வெஸ்லியின் மெதடிஸ்தரும் கால்வினிய மரபில் வந்த சபையாரும் ஆங்கிலிக்கரோடு ஒன்றாயினர். அதற்கு முன்பே பாட்டுப் புத்தகம் அவர்களை ஒன்றாகக் கட்டிவிட்டது. டிசம்பர் இரவுகளில் அத்திப்பட்டிலிருந்து இராயபுரம் வரை தெருத்தெருவாக வரும் பாடற்குழுவினர், வானதூதர் பிறந்த மன்னனைப் போற்றுவதைச் சொல்லும் பாடலைத் தமிழில் பாடுவர். சார்லஸ் வெஸ்லி அதனை வெளியிட்டது 1739இல், பிரிவு தொடங்கிய அதே ஆண்டில். ஆனால் அதன் தொடக்கத்தில் பிறந்த மன்னனைக் கொண்டுவந்தவர் சார்லஸ் அல்லர். 1753இல் அந்த அடிகளைத் திருத்தித் தம் பாடற்றிரட்டில் சேர்த்தவர் ஒயிட்ஃபீல்டு.